ராஜராஜன் செப்புக்காசு லாட் ஏலத்துக்கு வருது, ஆனா எழுத்து தமிழ்ல இல்லையே, எடுக்கலாமா?

திருச்சி_காசுப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். பத்து வருஷமா பிரிட்டிஷ் இந்தியா காசுதான் சேர்க்கிறேன், காலணா, அரையணா, ஜார்ஜ் மன்னர் ரூபாய்னு. பழங்காலத்து காசு பக்கம் இப்பதான் வர்றேன். அடுத்த வாரம் ஒரு ஆன்லைன் ஏலத்துல "சோழர், ராஜராஜன், செம்பு, 8 காசுகள்"னு ஒரு லாட் இருக்கு, ஆரம்ப விலை 1,500. ஒரு பக்கம் ஒருத்தர் நிக்கிறாரு, மறுபக்கம் உக்காந்திருக்காரு, அவர் கைப்பக்கம் எழுத்து. என் டவுட்டே அந்த எழுத்துதான். தஞ்சாவூர் கோயில் சுவர்ல அவ்வளவு தமிழ்க் கல்வெட்டு வெட்டி வெச்ச ராஜா காசுல மட்டும் இந்தி மாதிரி எழுத்து போடுவாரா? போலியோன்னு பயமா இருக்கு. அதுவும் 8 காசுல ரெண்டுல எழுத்து வேற மாதிரி தெரியுது. எவ்வளவு வரைக்கும் போகலாம்? சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணனுக்கு இதுல ரெண்டு குடுத்து அனுப்பலாம்னும் ஒரு நினைப்பு.

கொங்கு_நாணயம்:
தம்பி, எழுத்தைப் பாத்து பயப்படாதீங்க. அது நாகரி, இந்திக்கு இப்ப எழுதுற எழுத்தோட பழைய வடிவம், ராஜராஜன் செப்புக்காசுல நாகரிலதான் "ஸ்ரீ ராஜராஜ"ன்னு இருக்கும். சொல்லப்போனா அந்தக் காசுல தமிழ் எழுத்து இருந்தாத்தான் சந்தேகப்படணும். இது அபூர்வக் காசும் கிடையாது, எக்கச்சக்கமா அடிச்சிருக்காங்க, எழுத்து தெளிவா இருக்கிற ஒத்தைக் காசே கண்காட்சியில சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். அதனால லாட்டை 8-ஆல வகுத்துப் பாருங்க, படத்துல எத்தனை காசுல எழுத்து படிக்க முடியுதுன்னு எண்ணுங்க, தேய்ஞ்சு போனதுக்கு காசு குடுக்காதீங்க.

அண்ணனுக்கு அனுப்புறது வேண்டவே வேண்டாம். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டுன காசு தொல்பொருள் கணக்குல வரும், தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாது, பரிசா குடுத்தாலும் சரி, பாக்கெட்ல போட்டுட்டு போனாலும் சரி. அண்ணன் ஊருக்கு வரும்போது வீட்ல வெச்சு காட்டுங்க.

வடலி_யாழ்:
வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. அந்த ரெண்டு காசையும் படத்தில பெருசாக்கி வடிவாப் பாருங்கோ தம்பி. ராஜராஜன்ர இந்த அமைப்பையே பிறகு இலங்கை அரசர்மார் அப்பிடியே எடுத்து அடிச்சவை, முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சகசமல்லன், லீலாவதி எண்டு கனபேர். இஞ்ச அதுக்கு மஸ்ஸ எண்டு பேர். நிக்கிற ஆளும் இருக்கிற ஆளும் எல்லாத்திலயும் ஒண்டுபோலத்தான் கிடக்கும், எழுத்து மட்டுந்தான் ஆளைக் காட்டும். நாகரி தெரியாட்டிலும் ஒரு சுகமான வழி இருக்கு, ராஜராஜ எண்டதில "ராஜ" ரெண்டு தரம் வருது தானே, ஒரே சோடி எழுத்து திரும்பவும் வந்தா அது ராஜராஜன். திரும்ப வராட்டி வேற ஆள். லீலாவதி எண்டா சந்தோஷப்படுங்கோ, அவ பராக்கிரமபாகுவின்ர அரசி, 1197 தொடக்கம் 1212 வரைக்குள்ள மூண்டு தரம் சிம்மாசனம் ஏறினவ, ஒரு பொம்பிளையின்ர பேரில அடிச்ச காசைக் கையில வச்சுப் பாக்கிறதே ஒரு தனிச் சந்தோஷம். தமிழ் எழுத்துத்தான் வேணுமெண்டா எங்கட யாழ்ப்பாண அரசர்மாரின்ர சேதுக்காசைத் தேடுங்கோ, ஒரு பக்கம் நந்தி படுத்திருக்கும், கீழ "சேது" எண்டு தமிழில கிடக்கும். நான் முதல்முதல் வாங்கின பழங்காசு அதுதான், இண்டைக்கும் எடுத்துப் பாத்தா மனசு நிறையுது.

ஏலக்கணக்கு:
எவ்வளவு வரைக்கும் போகலாம்னு யாரும் சொல்லலையே. ப்ரோ, சுத்தியல் விழுற விலை, அதாவது ஏலம் முடியிற விலை, நீங்க கட்டுற விலை இல்ல. அதுக்கு மேல பையர்ஸ் பிரீமியம் (வாங்குறவர்கிட்ட ஏலக் கம்பெனி எடுக்கிற கமிஷன்), ஜிஎஸ்டி, கூரியர், இன்சூரன்ஸ்னு வரும், கம்பெனிக்கு கம்பெனி மாறும், டெர்ம்ஸ் பேஜை முழுசா படிங்க. 4,000-க்கு விழுந்து பிரீமியம் 15 சதவீதம்னா அங்கயே 600 ஏறிடுது. நான் முதல் ஏலத்துல இது தெரியாம சம்பளத்துல பாதியை விட்டேன், அந்த மாசம் வீட்டு வாடகைக்கு கடன் வாங்கினேன், அதனால கெஞ்சிக் கேக்கிறேன், மொத்தமா எவ்வளவு தர முடியும்னு முதல்ல எழுதி வெச்சு அதுல இருந்து பின்னோக்கி கணக்கு போட்டு, அந்தத் தொகையை ஆப்சென்டி பிட்டா, அதாவது நேர்ல இல்லாம முன்னாடியே குடுக்கிற உச்ச விலையா, போட்டுட்டு லைவ் பாக்காம தூங்கப் போங்க. லைவ்ல உக்காந்தா இன்னும் நூறுதானேன்னு கை தானா போகும். பழைய ஏலங்கள்ல இதே மாதிரி காசு என்ன விலைக்குப் போச்சுன்னு ரிசல்ட் இருக்கும், அதையும் பாருங்க, கேட்டலாக்ல போடுற எஸ்டிமேட்டை மட்டும் நம்பாதீங்க.

மதுரை_மீன்யானை:
போலி பத்தி மட்டும் நான் சொல்றேன். ராஜராஜன் காசை போலி பண்ணி பெருசா லாபம் இல்ல, ஆபத்து எங்கன்னா சங்ககாலக் காசுல. யானையும் கோடுகளா வரைஞ்ச மீனும் இருக்கிற பாண்டியர் சதுரக் காசு ஓரளவு கிடைக்கும், ஆனா பெருவழுதிங்கிற பாண்டிய மன்னன் பேர் தமிழ்பிராமியில, அதாவது சங்ககாலத் தமிழ் எழுத்துல இருந்தா விலை எங்கயோ போயிடும், அதனால தேய்ஞ்ச ஒரிஜினல் காசுலயே எழுத்தை செதுக்கி விட்டுடறாங்க, செம்பு பழசு, எழுத்து புதுசு. லென்ஸ் வெச்சுப் பாத்தா எழுத்தோட பள்ளத்துல மட்டும் பழைய செம்புல படியிற பாசிநிறம் இருக்காது. வார்ப்புப் போலின்னா ஓரத்துல கோடு மாதிரி ஒரு மடிப்பு, மேல குட்டிக்குட்டி குழி. ரெண்டு காசுல ஒரே இடத்துல ஒரே கீறல் இருந்தா ரெண்டையும் தொடாதீங்க.

இன்னொண்ணு, அமராவதி ஆத்துல கிடைச்சுதுன்னு கரூர் பக்கம் நேர்ல கொண்டு வந்து விப்பாங்க, அந்த ஊர்ல ரோமானியக் காசே கிடைச்சிருக்குங்கிறதால நமக்கும் ஆசை வரும். வாங்காதீங்க. மண்ணுல இருந்து எடுத்த புதையல் 10 ரூபாய் மதிப்புக்கு மேல போனாலே கலெக்டர்கிட்ட சொல்லணும்னு 1878 சட்டம் இருக்கு. பில் தர்ற இடத்துல மட்டும் வாங்குங்க.

திருச்சி_காசுப்பிரியன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லாட் எனக்கு விழல, எல்லாம் சேத்து 3,500-ன்னு வெச்சு 2,900 பிட் போட்டிருந்தேன், 4,200-க்குப் போயிடுச்சு. வருத்தம்தான். ஆனா வடலி அக்கா சொன்ன மாதிரி பெருசாக்கிப் பாத்ததுல அந்த ரெண்டுலயும் சோடி எழுத்து திரும்ப வரல, கேட்டலாக்ல எட்டையும் ராஜராஜன்னே போட்டிருந்தாங்க. அப்புறம் எழும்பூர் மியூசியம் போய் காசுப் பகுதியில ரெண்டு மணி நேரம் நின்னேன், ஞாயித்துக்கிழமை ஒரு கண்காட்சியில பில்லோட ஒத்தை ராஜராஜன் 450-க்கு வாங்கினேன், "ராஜ" ரெண்டு தரமும் சுத்தமா படிக்க முடியுது. ஒரே ஒரு கவலை, உக்காந்திருக்கிறவர் முழங்கால்கிட்ட வெளிர்பச்சையா மாவு மாதிரி பூத்திருக்கு. புளி போட்டு தேய்க்கலாமா?

மதுரை_மீன்யானை:
புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேண்டாம் சார்! அது செம்புல வர்ற நோய், ஈரத்துல பரவும். மத்த காசுல இருந்து இன்னைக்கே பிரிச்சு வைங்க, டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு தண்ணியை அடிக்கடி மாத்துங்க, வாரக்கணக்கா ஆகும். அப்புறம் நல்லா காய வெச்சு சிலிக்கா ஜெல்லோட வைங்க, பிவிசி கவர்ல போடாதீங்க. முடிஞ்சா ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.