பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) கை பழுதாகும்போது வர்ணனையாளர் வாயைத் திறக்கலாமா?

ஹட்டன் ரசிகன்:
பேஸ்பால் பார்க்கிற நம்ம ஆட்களிடம் ஒரு கேள்வி. அமெரிக்க அணியான சிக்காகோ கப்ஸில் பிட்சர் கெரி வுட் 1998இல் ஒரே ஆட்டத்தில் 20 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) எடுத்தார், அடுத்த வருடம் முழுக்க முழங்கை அறுவைச் சிகிச்சையில் போனது. அதே அணியின் பிட்சர் மார்க் ப்ரையர் 2006க்குப் பிறகு பெரிய லீக்கில் (அமெரிக்காவின் முதன்மைத் தொடர்) ஒரு பந்துகூட வீசவில்லை, அப்போது வயது 25தான். அந்த அணியை வெளிப்படையாக விமர்சித்த வர்ணனையாளர் ஸ்டீவ் ஸ்டோன், வீரர்களோடு முறுகி 2004 சீசனோடு விலகினார். அணியின் ஒளிபரப்பில் இருந்துகொண்டு குறை சொல்வது சரியா?

கொட்டகலை அண்ணன்:
சரிதான் தம்பி. ஸ்டோனும் பிட்சர்தானே, 1980இல் 25 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 1981க்குப் பிறகு கை வலியால் ஆட்டமே முடிந்தது. அவர் சொல்லாமல் யார் சொல்வது?

பண்டாரவளை:
எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை அண்ணே, தோற்ற அன்றைக்கே மைக்கில் வீரரைத் திட்டினால் கை ஆறிவிடாது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள், பலருக்கு நடுவில் ஒரு தசைநார் துருத்தும். அந்தத் தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துத்தான் 1974இல் பிட்சர் டொமி ஜோனுக்குத் தைத்தார்கள், அவர் 1989 வரை வீசினார். ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கொட்டகலை அண்ணன்:
அதனால்தான் முன்கூட்டியே பேச வேண்டும் என்கிறேன். இங்கே பாடசாலை மைதானத்தில் வேகமாக வீசுகிற பையனுக்கு ஓய்வே கொடுப்பதில்லை, கேட்கவும் ஆளில்லை.