வேலி தாண்டும் குதிரைக்குட்டி: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்வேலன்:

போன ஆடியில் அந்தியூர் சந்தையில் பிடித்த கத்தியவாரி இனப் பெண்குட்டி. 14 மாதம் என்றார்கள், பல்லைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிந்தது. காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் விட்டேன். நாலு ஏக்கர், சுற்றிலும் கிளுவை வேலி, என் நெஞ்சு உயரம். கொழுக்கட்டைப் புல் நன்றாக நின்றது. தண்ணீர்த் தொட்டியும் உண்டு, வெள்வேல மர நிழலும் உண்டு. அப்படியும் இரண்டு வாரத்தில் ஐந்து தடவை வெளியே போய்விட்டது.

முதல் இரண்டு தடவையும் பிடித்துக்கொண்டு வந்து வேப்ப விளாரால் அடித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறாவது தடவை, எப்படித்தான் போகிறது பார்ப்போம் என்று துண்டைப் போர்த்திக்கொண்டு படலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். விடிகாலை நாலரை இருக்கும். குட்டி மேயவில்லை. வேலியோரம் நின்று இரண்டு காதையும் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. இரண்டு காடு தள்ளிப் போட்டிருந்த பட்டியில் ஒரு செம்மறி கத்தியது. குட்டி நாலு எட்டு பின்னால் நகர்ந்தது. பெரிய ஓட்டம் எல்லாம் இல்லை, இரண்டே தாவல், மேலே எழும்பிவிட்டது. பின்குளம்பு பட்டுக் கிளுவைக் கொப்பு ஒன்று ஒடிந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான்.

பின்னாலேயே போனேன். பட்டிப் படலை ஒட்டி, காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. உள்ளே இருந்த ஆடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவற்றுக்கு ஏற்கெனவே பழகிப் போயிருக்கிறது. என் காட்டில் அது படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தூங்குவதற்கு அங்கே போயிருக்கிறது. அதற்கா அடித்தோம் என்பதுதான் இன்னும் மனசைப் போட்டு அறுக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழனிச்சாலை:

உங்களுடையது கிளுவையாக இருந்ததே பெரிய புண்ணியம். எங்களுடையது முள்கம்பி.

ஒன்றரை வயது ஆண்குட்டி. மழை விட்ட நேரம், மண் வழுக்கியது, தாவும்போது பின்கால் சறுக்கி மார்போடு கம்பியில் விழுந்தது. நான் போகும்போது மார்புத் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது கத்தவில்லை, உதறவில்லை. சிக்கிய இடத்திலேயே நின்று, நான் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கம்பியை வெட்டி முடிக்கும்வரை அசையவே இல்லை. டாக்டர் டார்ச் வெளிச்சத்தில் தையல் போட்டு முடிக்க ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. ரணஜன்னி (டெட்டனஸ்) தாக்குவதில் குதிரையைப் போல இன்னொரு பிராணி கிடையாது. கம்பிக் கீறல் சின்னதாக இருந்தாலும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் ஆட்டுப் பட்டிக்குத் தூங்கப் போனது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொள்ளு எவ்வளவு போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. வேலை வாங்காத குட்டிக்குக் கொள்ளும் தவிடும் அள்ளி அள்ளி வைத்தால் தாண்டாமல் என்ன செய்யும்?

ஊட்டிக்காரி:

பழனிச்சாலை அண்ணா, கொள்ளே பார்க்காத குட்டியும் தாண்டும். எங்கள் மட்டக்குதிரைக்குக் கிடைத்ததெல்லாம் மலைப் புல்தான்.

ஐந்து மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து ஒரே நாளில் தனி அடைப்பில் விட்டோம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மாமா சொன்னார். தாயைச் சரிவுக்குக் கீழே கட்டினோம். இரண்டும் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிக் கனைத்தன. விடியும்போது சத்தம் நின்றுவிட்டது. சரி, அடங்கிவிட்டது என்று நினைத்து டீ போடப் போனேன். அப்புறம் போய்ப் பார்த்தால் அடைப்பின் மேல் மரம் ஒடிந்து கிடக்கிறது, குட்டி தாயிடம் நிற்கிறது. முழங்காலில் தோல் இல்லை. தாய்க்கு மடி கட்டிப் பால் தானாகவே சொட்டி, இரண்டு பின்காலும் உள்பக்கம் நனைந்திருந்தது. குட்டி பாலைக் குடிக்கக்கூட இல்லை. தாயின் விலாவில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு பிறந்த குட்டிகளை நான் அப்படிப் பிரித்ததே இல்லை. பக்கத்துப் பக்கத்து அடைப்பு, நடுவில் மூக்கு தொடுகிற அளவுக்கு மரத்தடுப்பு. பத்து நாள் கனைக்கும், ஆனால் தாண்டாது. வெள்வேலன் சொல்வதை நான் நம்புகிறேன். துணை இல்லாத குதிரை தரையில் படுக்கப் பயப்படும். கூட்டத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று நின்று காவல் காக்கும். உங்கள் குட்டிக்கு அந்த ஆடுகள்தான் காவல்.

மருதநிலம்:

என் கதை சின்னது. எங்கள் இரண்டு வயது ஆண்குதிரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை கணக்கு வைத்ததுபோலத் தாண்டியது. கீழ்த் தோட்டத்துப் பெண்குதிரைக்குப் பருவம் வரும் நாள் அது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் தாண்டிப் போய்த் தார்ரோட்டில் சறுக்கி விழுந்து எழுந்தது. லாரி டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தியதில் டயர் வாசனை அடித்தது. காயடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் பெண்குதிரை பக்கம் விடாமல் வைத்திருக்க வேண்டும், உடனே அடங்கிவிடாது.

ஆனால் இங்கே யாரும் மின்வேலி பற்றி எழுதவில்லையே? நான் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். அதனால் மனிதர் செத்திருக்கிறார்கள், யானை செத்திருக்கிறது, சட்டப்படியும் குற்றம். வேலிக்கென்றே விற்கும் எனர்ஜைசர் வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு தடவை போல, கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும் துடிப்பாகத்தான் அது மின்சாரத்தைக் கொடுக்கும். சுருக்கென்று அடிக்கும், உயிரை எடுக்காது. மெல்லிய கம்பி போடாதீர்கள், குதிரைக்குக் கண்ணில் படாது. கம்பி இழை ஓடுகிற, இரண்டு விரல் அகல வெள்ளை மின்வேலி நாடா போடுங்கள். ஏற்கெனவே இருக்கிற வேலிக்கு உள்பக்கம், ஒரு கை தள்ளி, குட்டியின் நெஞ்சு உயரத்தில் ஒரு வரிசை, அதற்கு மேல் ஒரு வரிசை. அப்போதுதான் தாவுவதற்கு முன் வேலியோரம் வந்து நிற்கவே யோசிக்கும்.

நம் ஊரில் எல்லாரும் கோட்டை விடுவது எர்த்தில். சித்திரை வெயிலில் காங்கேயம் மண் கல்லாகக் காய்ந்திருக்கும். கம்பியில் கரண்ட் இருக்கும், குதிரை தொட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சுற்று மண் வழியாகத்தான் முடிய வேண்டும். ஆறடி எர்த் ராடு மூன்றை இடைவெளி விட்டு அடித்து, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். புல் வளர்ந்து நாடாவைத் தொட்டால் அந்த வழியே எல்லாம் இறங்கிவிடும், அதனால் அடிப்புல்லை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் பகலில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது குட்டியை அறிமுகப்படுத்துங்கள். இருட்டில் முதல் அடி வாங்கினால் மிரண்டு வேலி மேலேயே பாயும். முன்னங்கால் தளை போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். தளையோடு இரண்டு காலையும் சேர்த்து எழும்பக் கற்றுக்கொண்ட குதிரையைப் பார்த்திருக்கிறேன். அது விழுந்தால் முகத்தில்தான் விழும்.

சுழிபார்ப்பவன்:

மருதநிலம், வெள்வேலன் கேட்டது அது இல்லையே. வேலியை எப்படி உயர்த்துவது என்று அவர் கேட்கவில்லை. உயர்த்தியும் எவ்வளவு உயர்த்துவீர்கள்? 1949ல் சிலி நாட்டில் ஹுவாசோ என்ற குதிரை முதுகில் ஆளோடு 2.47 மீட்டர் தாண்டியது. இன்னும் அதை எதுவும் முறியடிக்கவில்லை.

எங்களிடம் ஒரு செவலைக் குட்டி இருந்தது. தாண்டித் தாண்டிப் போனதால் பெரியப்பா சுழி பார்க்கும் ஆளைக் கூட்டி வந்தார். நெற்றிச் சுழி சரியில்லை, வீட்டில் வைக்காதே என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவருக்குக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை வாசலில் நிற்கிறது. அறுந்த முளைக்கயிறு கழுத்தில், உடம்பெல்லாம் உப்புப் பூத்த வியர்வை, எங்கள் தொட்டியில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறது. நான்தான் அதைத் திரும்ப நடத்திக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் மறுக்காமல் என் தோளை ஒட்டியே வந்தது. அங்கே கட்டிவிட்டுத் திரும்பி நடக்கும்போது ஒரே ஒரு தடவை கனைத்தது. பத்தொன்பது வருடம் ஆகிறது.

பிறகுதான் ஸ்னோமேன் என்ற குதிரையைப் பற்றித் தெரிந்தது. 1956ல் அமெரிக்காவில் கசாப்புக்குப் போகிற வண்டியிலிருந்து ஹாரி டி லேயர் என்பவர் 80 டாலருக்கு வாங்கியது. அவரும் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றார். அதுவும் வேலி தாண்டித் தாண்டி அவரிடமே வந்தது. அவர் அதைத் திரும்ப வாங்கித் தன்னோடே வைத்துக்கொண்டார். 1958லும் 59லும் அந்தக் குதிரை நாட்டின் சாம்பியன் ஆனது. சாம்பியன் ஆனதால் சொல்லவில்லை. அவர் திரும்ப வாங்கினார், நான் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

பழனிச்சாலை:

படிக்கவே கஷ்டமாக இருந்தது தம்பி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் குட்டிக்குத் தாண்டப் பயிற்சி கொடுக்கக் கிளம்ப வேண்டாம். ஸ்னோமேன் வளர்ந்த குதிரை. 14 மாதக் குட்டிக்கு முழங்கால் எலும்பு முற்றவே இரண்டு வயதுக்கு மேல் ஆகும், முதுகெலும்புக்கு ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். இப்போது தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் காலுக்குக் கேடு. வெள்வேலன், அந்த ஆட்டு விஷயம் என்ன ஆயிற்று?

வெள்வேலன்:

பழனிச்சாலை அண்ணா, கொள்ளு நான் கொடுக்கவே இல்லை, பச்சைப் புல்லும் சோளத்தட்டும்தான். பட்டிக்காரரிடம் கேட்டு இரண்டு செம்மறிக் கிடாக்குட்டிகளை வாங்கி உள்ளே விட்டேன். அவர் காசு வேண்டாம் என்றார், நான்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வெள்வேல நிழலில் மூன்றும் படுத்திருந்தன. குட்டி விலாவைத் தரையில் சாய்த்து, காலை நீட்டிப் படுத்திருந்தது. செத்துவிட்டதோ என்று ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை தாண்டியது, போன வெள்ளிக்கிழமை. நான் போய்ப் பிடிப்பதற்குள் திரும்ப அதே இடத்தில் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கிடாக்கள் வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தன. அடுத்த ஆடிக்கு ஒரு வயதான பெண்குதிரை பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது கூப்பிட்டால் வருகிறது, கையிலிருந்து சோளத்தட்டை வாங்கித் தின்கிறது. ஆனால் துண்டைத் தோளில் போடக் கையைத் தூக்கினால் போதும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடுகிறது.