மேசா வெர்டேவும் டாம் அவுட்லேண்டும்

பாலைநிலத்து இடிபாடுகளைப் பற்றிய கதை என்றால் எனக்கு முதலில் அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதரின் 'தி புரொஃபசர்ஸ் ஹவுஸ்' தான், 1925இல் வந்த நாவல். அதில் டாம் அவுட்லேண்ட் என்ற மாட்டுக்காரப் பையன் சொல்லும் பகுதியை மட்டும் படித்தாலே போதும் (முதல் பாகம் இழுவை, பொறுத்துக்கொள்ளுங்கள்). ஓடிப்போன மாடுகளைத் தேடிப் போனவன் பனி பொழியும்போது அண்ணாந்து பார்க்கிறான், பாறைக் குடைவுக்குள் கல்லால் கட்டிய ஒரு ஊரே நிற்கிறது. 1888 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில், மேசா வெர்டே என்ற மேட்டுநிலத்தில், ரிச்சர்ட் வெதரில் என்ற மாட்டுப்பண்ணைக்காரரும் அவருடைய மச்சான் சார்லி மேசனும் கிளிஃப் பேலஸ் என்ற பாறைக் குடைவு ஊரைப் பார்த்தது ஏறக்குறைய இப்படித்தான். அங்கிருந்த யூட் பழங்குடி மக்களுக்கு அது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

புத்தகத்தைப் படித்த வேகத்தில்தான் நான் அங்கே போனேன். சுமார் 150 அறைகள், ஆனால் என் கண் போனது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த மண்சாந்துக்கு. சின்னச் சின்னச் சில்லுகளை அதில் செருகி அழுத்தியிருக்கிறார்கள், அழுத்திய விரலின் தடம் எழுநூறு வருஷத்துக்கு மேலாகியும் அப்படியே பதிந்து கிடக்கிறது. கூட்டிப்போன ரேஞ்சர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: இதைக் கட்டியவர்கள் மாயமாய் மறைந்த இனம் இல்லை. 1276க்குப் பிறகு நீண்ட வறட்சி, கூடவே சண்டைகள், அதனால் தெற்கே போனார்கள். இன்றைய ஹோப்பி, சூனி, ஆக்கோமா பழங்குடி மக்கள் அவர்கள் வழிவந்தவர்கள்தான்.

அப்புறம் நாவலைத் திரும்பப் படித்தால் சில இடங்கள் உறுத்துகின்றன. கிடைத்த ஒரு பெண்ணின் உடலுக்கு 'மதர் ஈவ்' என்று பேர் வைத்து, அவளைப் புருஷன்தான் கொன்றிருப்பான் என்று கதையும் கட்டுகிறார்கள்! பொருள்களை ஒரு ஜெர்மன்காரன் விலைக்கு வாங்கிக்கொண்டு போவதும் வெறும் கற்பனை இல்லை. 1891இல் ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் நோர்டென்ஷெல்டு இதே மேசா வெர்டேயில் தோண்டி அனுப்பியவை பின்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, அதில் சுமார் 20 பேரின் எலும்புகள் 2020இல்தான் திரும்பி வந்தன.

இதோடு சேர்த்து நியூ மெக்சிகோவின் லகூனா பியூப்லோ என்ற பழங்குடி ஊரைச் சேர்ந்த லெஸ்லி மார்மன் சில்கோவின் 'செரிமனி' (1977) நாவலைப் படித்துப் பாருங்கள். அதிலும் ஒருவன் மாடு தேடித்தான் போகிறான், தாய்மாமாவின் புள்ளி மாடுகளை. ஆனால் அவன் நடப்பது ஆளில்லாத ஊரில் இல்லை, ஒவ்வொரு மலைக்கும் கதை தெரிந்த சொந்த மண்ணில். என்னைக் கேட்டால் இதுதான் மேல், உரைநடை அழகில் கேதர் ஒரு படி முன்னே இருந்தாலும். ஹோப்பி எழுத்தாளர்கள் யாரையாவது படித்திருந்தால் சொல்லுங்கள்.