மாடியில் நாற்பது பேர், ஆறு வயது முதல் எண்பத்திரண்டு வரை: நீங்கள் என்ன விளையாட்டு வைத்தீர்கள்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் சென்ற தை மாதம் நடந்தது. காலையில் கோயிலில் சடங்கு. மாலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சொந்தபந்தங்கள் மட்டும். மிகச் சின்னவள் என் தங்கை மகள், ஆறு வயது. மிகப் பெரியவர் அம்மாவின் அத்தை, எங்களுக்குப் பாட்டி, எண்பத்திரண்டு வயது. சாப்பாடு எட்டரை மணிக்குத்தான். அதுவரை எல்லாரையும் கலகலப்பாக வைத்திருக்கும் பொறுப்பு என்னுடையது.

முதலில் இசை நாற்காலி வைத்தேன். அது தவறு என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வாடகை நாற்காலிகள் முப்பதுதான் இருந்தன. அவற்றில் பத்தை வட்டமாகப் போட, உட்கார்ந்திருந்த பெரியவர்களைத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பாட்டி எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே தங்கை மகள் வெளியேறி, மாடிப்படியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் மிஞ்சியவர்கள் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா பையன்கள் இருவர். அவர்கள் மோதிய வேகத்தில் நாற்காலியின் கால் உடைந்தது. நாற்பது பேர் கூடிய இடத்தில் விளையாடியது இரண்டு பேர். அந்தக் குழந்தை திரும்பி உட்கார்ந்த கோலம் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

பிறகுதான் தம்போலா டிக்கெட் கட்டை எடுத்தேன். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டிக்கெட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். 27 கட்டங்களில் 15-இல் மட்டும் எண் இருக்கும், வரிசைக்கு ஐந்து. ஒருவர் 1 முதல் 90 வரையுள்ள எண்களைக் குலுக்கி எடுத்துச் சொல்வார். நம்மிடம் இருந்தால் அடிக்க வேண்டும். முதல் ஐந்து எண், மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை, முழு டிக்கெட் என்று பரிசுகள் உண்டு. நாற்பது பேரானாலும் நானூறு பேரானாலும் கடைசி எண் வரை ஒருவரும் வெளியேறுவதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எண்களைச் சொல்ல அப்பாவையே நிற்க வைத்தேன். நாலைந்து எண்களை ஒழுங்காகப் படித்தார். அடுத்து, "ராயபுரம் தபால்காரர் வந்திருக்கிறார்" என்றார். யாருக்கும் புரியவில்லை. பாட்டிதான் திண்டிலிருந்து, "பதின்மூன்றுடா! சென்னை 13!" என்று குரல் கொடுத்தார். ராயபுரம் பின்கோட்டின் கடைசி இரண்டு எண் அது. அதன்பிறகு மாடியே மாறிவிட்டது. பெரம்பூர் என்றால் 11, திருவொற்றியூர் 19, எண்ணூர் 57. "நம் வீடு" என்றால் 21. "திருவொற்றியூரிலிருந்து எழும்பூர் போகிற பஸ்" என்றால் 28. ஒருமுறை, "ராயபுரம் ஸ்டேஷன் திறந்த வருஷம், கடைசி இரண்டு எண்" என்றார். 1856 என்று சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் 56-ஐ அடித்துவிட்டார்கள்.

பாட்டியின் கண்ணுக்குச் சிறிய எழுத்துத் தெரியாது. தங்கை மகளுக்கு எண்கள் தெரியும், பின்கோடு தெரியாது. எப்போது நடந்தது என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் பாட்டியின் மடியில் இருந்தாள். பாட்டி விடையைச் சொல்ல, அவள் எண்ணைத் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். கீழ்வரிசை அவர்களுக்குத்தான் வந்தது. பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடவே வந்தார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி எல்லா வயதினரையும் சேர்த்து உட்கார வைத்த விளையாட்டு எது? சொல்லுங்கள்.

காசிமேட்டிலிருந்து:

தம்பி, எங்களுக்குக் கேரம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதே நாள்களில்தான் பள்ளிக்கூட விடுமுறையும். பகலில் வலை பின்னுவோம், மாலையானால் தெருவில் பலகை வந்துவிடும்.

ஆனால் கேரமில் நான்கு பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் சுற்றி நிற்க வேண்டியதுதான். நாங்கள் அதை மாற்றியிருக்கிறோம். கறுப்பு, வெள்ளை என்று பிரிப்பதில்லை. கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. யார் எந்தக் காயைப் போட்டாலும் அவர் கணக்கில் சேரும். ரெட்டுக்கு மட்டும் ஃபாலோ கட்டாயம், அதாவது ரெட்டைப் போட்டவர் அடுத்த அடியிலேயே இன்னொரு காயையும் போட வேண்டும். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு ரெட், மொத்தம் 320. மற்றபடி ஆளுக்கு ஓர் அடி, காய் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஸ்ட்ரைக்கர் அடுத்தவர் கைக்குப் போய்விடும். எட்டுப் பேர் சுற்றி வரலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஸ்ட்ரைக்கரைப் பலகையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். கணக்கு எழுதுவது என் மாமியார். அவர் சொன்ன கூட்டலை இதுவரை எவரும் மறுத்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் பெண். அதற்கு முன்பு எங்கள் தெருவில் பலகையைச் சுற்றி ஆண்பிள்ளைகள்தான் நிற்பார்கள். இப்போது என் இரண்டு மகள்களும் பவுடரை எடுத்துக்கொண்டு முதலில் போய் உட்கார்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து:

எங்கள் அனுபவம் கொண்டாட்டத்தில் வந்ததில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் வெள்ளம், மின்சாரம் இல்லை. கீழ்வீட்டுக் குடும்பம் எங்கள் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒன்பது பேர்.

முதலில் ராஜா ராணி சீட்டு. ஐந்து துண்டுக் காகிதம் போதும்: ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். போலீஸ் சீட்டு வந்தவர் முகத்தைப் பார்த்தே திருடனைப் பிடிக்க வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் முகம் பார்ப்பது எவ்வளவு கடினம் தெரியுமா! ஐந்து பேர் விளையாட, மற்ற நால்வர் ஆளுக்கொருவர் பின்னால் உட்கார்ந்து சீட்டைப் பார்த்துவிட்டு முகத்தை அசைக்காமல் இருக்க வேண்டும். என் மகனால் அது முடியவே இல்லை. அவன் யார் பின்னால் உட்கார்ந்தானோ அவர் மாட்டிக்கொண்டார்.

பிறகு பாட்டுக்குப் பாட்டு. சினிமாப் பாட்டு மட்டும் என்று வைத்தால் சின்னவர்கள் வாயடைத்துப் போவார்கள். எந்தப் பாட்டும் செல்லும் என்று விதியைத் தளர்த்தினோம். கீழ்வீட்டு அம்மா தேவாலயத்தில் பாடும் பாட்டைப் பாடினார், பிள்ளைகள் பள்ளிப் பாட்டைப் பாடினார்கள், என் மாமனார் நாற்று நடவுப் பாட்டு ஒன்றைப் பாடினார். அவருக்குப் பாட வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

பெரம்பூரிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இசை நாற்காலியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தோற்கப் பழகுவதும் குழந்தைக்குத் தேவை. தோற்ற பிறகு சும்மா உட்கார வைப்பதுதான் தவறு. வெளியேறியவரிடம் பாட்டை நிறுத்தும் வேலையைக் கொடுங்கள். அடுத்தவர் வெளியேறினால் வேலை அவருக்கு மாறும். இன்னொரு வழியும் உண்டு: நாற்காலியை மட்டும் குறைத்துக்கொண்டே போங்கள், ஆள்களைக் குறைக்காதீர்கள். மடியிலோ விளிம்பிலோ எப்படியாவது எல்லாரும் உட்கார்ந்தாக வேண்டும். வகுப்பில் பலமுறை வைத்திருக்கிறேன். பெரியவர்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், முழங்கால் தாங்காது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

நன்றி அம்மா. வெளியேறியவர் கையில் பாட்டைக் கொடுக்கும் யோசனை அன்று எனக்குத் தோன்றியிருந்தால் தங்கை மகள் படிக்கட்டுக்குப் போயிருக்க மாட்டாள். காசிமேட்டு அண்ணா, அந்த 320 கணக்கை வருகிற ஞாயிற்றுக்கிழமையே வைத்துப் பார்க்கிறேன்.

பாட்டிக்காக இந்த முறை கடை டிக்கெட் வாங்கவில்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, கட்டத்துக்கு இரண்டு அங்குலம் விட்டு மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அடிப்பதற்குப் பேனா வேண்டாம், புளியங்கொட்டை வைத்தால் போதும். தங்கை மகள் இப்போது பின்கோடுகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். நேற்று தொலைபேசியில், "39 எது தெரியுமா?" என்று என்னையே கேட்டாள். வியாசர்பாடி என்று சொன்னேன்.