பிக்அப்புக்கு எடைச் சீட்டு

கார்த்தி (சான் ஹோசே): டெக்சாஸிலிருந்து கொண்டுவந்த பிக்அப்பை, அதுதான் பின்னால் திறந்த தட்டு உள்ள என் வண்டியை, இங்கே பதியப் போனேன். எடைச் சீட்டு வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வண்டிக்கு எதற்கு எடை? மாமா, உங்களுக்குத் தெரியுமா?

மாமா (ஃப்ரீமான்ட்): கலிபோர்னியாவில் பிக்அப் என்றாலே கமர்ஷியல் பதிவுதான் மாப்பிள்ளை. காய்கறி வாங்க மட்டும் ஓட்டினாலும் அதே கணக்கு. வழக்கமான கட்டணத்தோடு எடைக்கென்று தனிக் கட்டணமும் சேரும்.

அப்பா (நெல்லை): கமர்ஷியலா? அப்படியானால் மஞ்சள் போர்டா?

மாமா: இல்லை அத்தான். நம்பர் எழுதும் வரிசை மட்டும் வேறு.

அக்கா (நேப்பர்வில்): இல்லினாயில் எங்கள் வண்டிக்கு ‘பி’ பிளேட். வண்டியும் அதிகபட்சச் சுமையும் சேர்ந்து 8,000 பவுண்டுக்குள் இருந்தால் அதுதான்.

கார்த்தி: டெக்சாஸிலும் காலி எடையோடு சுமையைக் கூட்டுவார்கள் அக்கா. 6,000 பவுண்டு வரை 50.75 டாலர், அதற்கு மேல் 10,000 வரை 54. மூன்றேகால் டாலர்தான் வித்தியாசம்!

மாமா: இங்கே காலி எடை மட்டும்தான் கணக்கு, ஆனால் எடை ஒரு படி ஏறினாலே கட்டணம் எகிறும். 4,001 முதல் 5,000 வரை 80 டாலர். 5,000-ஐத் தாண்டினால் 154. அதுவும் ஒவ்வொரு வருடமும்.

கார்த்தி: ஐயோ மாமா, இப்போதுதான் எடை மேடையிலிருந்து வருகிறேன். 5,080!

மாமா: டேங்க் நிரம்பியிருந்ததா?

கார்த்தி: விளிம்பு வரை. 26 கேலன்.

மாமா: அங்கேதான் இடிக்கிறது. இன்ஜினில் ஆயில், ரேடியேட்டரில் தண்ணீர், 5 கேலன் பெட்ரோல், இவற்றோடு நிற்கும் வண்டியின் எடைதான் சட்டப்படி காலி எடை. நீ 21 கேலன் அதிகமாகக் கொண்டுபோயிருக்கிறாய். கேலனுக்கு 6 பவுண்டு என்றாலே 126 ஆச்சு. பின்னால் என்ன கிடந்தது?

கார்த்தி: டூல் பாக்ஸ். பாப்பாவின் தள்ளுவண்டியும் இருந்தது.

மாமா: சரி, அந்தச் சீட்டைக் கொடுத்துவிடாதே. பெட்ரோல் குறையும்வரை ஓட்டு. அப்புறம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடியும் போ. எடை போடும்போது நீயும் வண்டியில் உட்காராதே.

அக்கா: குடிவந்து 20 நாளுக்குள் பதிய வேண்டுமாமே, தேதியைப் பார்த்துக்கொள்.

கார்த்தி: இன்னும் எட்டு நாள் இருக்கிறது அக்கா.

(சனிக்கிழமை)

கார்த்தி: மாமா! 4,920!

மாமா: அப்பாடா. வருடத்துக்கு 74 டாலர் மிச்சம்.

அப்பா: சந்தோஷம்பா. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? வழியில் நின்றுவிடப் போகிறது, முதலில் போட்டுக்கொள்.