நார்க்கழிவு போட்ட பாத்தியில் கத்தரி மஞ்சளாகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் தோட்டம். கத்தரிப் பாத்தியில் ரெண்டு மூட்டை தென்னை நார்க்கழிவை மட்க வைக்காமல் அப்படியே கொத்திவிட்டேன். மூணே வாரத்தில் அடி இலையெல்லாம் மஞ்சள். கொழுந்து மட்டும் பச்சை. இலையைத் திருப்பிப் பார்த்தேன், பூச்சி இல்லை.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு என்றுதான் நினைக்கிறேன். நார்க்கழிவில் கரிமம் ஏராளம், தழைச்சத்து சொற்பம். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. செடி அடி இலையில் இருப்பதைக் கொழுந்துக்கு அனுப்பிச் சமாளிக்கிறது. அந்த நுண்ணுயிர்கள் மடியும்போது சத்து மண்ணுக்குத் திரும்பும். அதுவரை என் செடிகள் தாங்குமா?

பத்தடி தள்ளி மாமரத்தடியில் யாரும் எதுவும் போடுவதில்லை. நேற்று கையால் கிளறினேன். மேலே காய்ந்த சருகு, அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய கறுத்த இலை, இடையில் வெள்ளைப் பூஞ்சண நூல்கள், அதற்கும் கீழே பொலபொலவென்று கறுப்பு மண். மழை மணம்! அங்கே சருகு மேலே கிடந்தே மட்குகிறது, யாரும் உள்ளே கொத்திவிடுவதில்லை. தவறு அங்கேதானோ?

அப்புறம், வேலியில் சீமக்கொன்ன, அதாவது கிளைரிசிடியா, நிறைய நிற்கிறது. இளந்தழையை வெட்டிப் பாத்தியில் போட்டால் எத்தனை நாளில் பச்சை திரும்பும்? நார்க்கழிவை முடிந்தவரை வாரி எடுத்து மண்ணை மூடும் மூடாக்காக மேலே பரப்பவா, கிடக்கட்டும் என்று சாணிக்கரைசல் ஊற்றவா? யூரியா போட மனசில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இந்த வாரமே கை வைக்க வேண்டும்.