இரண்டு நாள் சென்னை, இரண்டு சிறு பிள்ளைகள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. மே இரண்டாவது வாரம் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகச் சென்னைப் பயணம். என் கணவருக்குக் கடையில் இதற்கு மேல் விடுப்பு கிடைக்காது. பிள்ளைகள் இருவரும் இதுவரை சென்னையைப் பார்த்ததில்லை. அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பவை: வண்டலூர் உயிரியல் பூங்கா, எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா, கலங்கரை விளக்கம், கோட்டூர்புரம் கோளரங்கம், மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை, கடைசியாகத் தியாகராய நகரில் துணி எடுப்பது. "இவ்வளவு செலவு செய்து போகிறோம், பார்க்காமல் வந்தால் எப்படி?" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போதே எனக்கு மலைப்பாக இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேனிக்காரன்:
நான் உங்கள் கணவர் பக்கம், சகோதரி. கடலை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு 19 வயது. வீட்டில் மனமில்லாமல் இல்லை, கையில் காசில்லை. கல்லூரியில் மற்றவர்கள் மெரினா என்றும் வண்டலூர் என்றும் பேசும்போது நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். அந்த நிலை என் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். போன ஆண்டு 5 வயதிலும் 3 வயதிலுமாக இருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். சனிக்கிழமை வண்டலூரும் மெரினாவும். ஞாயிறு அருங்காட்சியகம், கிண்டி சிறுவர் பூங்கா, பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. பிள்ளைகள் களைத்துத்தான் போனார்கள். ஆனால் களைப்பு ஓர் இரவு தூங்கினால் போய்விடும். வெள்ளைப் புலியைப் பார்த்த அன்று பெரியவன் முகத்தில் இருந்ததை நான் எதற்கும் ஈடாகத் தரமாட்டேன். பட்டியலைக் குறைக்காதீர்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

தாம்பரத்து அம்மா:
அண்ணா, உங்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் நான் வண்டலூருக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவள். அந்தப் பூங்கா ஏறக்குறைய 1,500 ஏக்கர். எழும்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். மின்சார ரயிலில் போனால் அதற்கே ஒரு மணி நேரம், அப்புறம் வாசல் வரை நடை அல்லது ஆட்டோ. விடுமுறை நாள் கூட்டத்தில் டிக்கெட் வரிசை, பேட்டரி வண்டிக்கு இன்னொரு வரிசை. இதெல்லாம் முடிந்து உள்ளே போகும்போது வெயில் தலைக்கு மேல் ஏறியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் விலங்குகளும் நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும். பிள்ளை "புலி எங்கே?" என்று கேட்டால் தூரத்தில் மரத்தடியில் தெரியும் முதுகைத்தான் காட்ட முடியும்.

இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் பதிவில் நீங்கள் இருக்கிறீர்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், புலி இருக்கிறது. உங்கள் மனைவி இல்லை. அந்த இரண்டு நாளில் சின்னவனுக்கு ஊட்டியது யார்? அவசரம் என்றபோது கழிப்பறை தேடி ஓடியது யார்? மாற்றுத் துணி, தண்ணீர், தயிர்சாத டப்பா எல்லாம் இருந்த பையைத் தூக்கியது யார்? நான் குற்றம் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் முதல் இரண்டு பயணங்கள் அப்படித்தான் நடந்தன. மூன்றாவது முறை "நான் வரவில்லை, நீங்கள் மூவரும் போய்வாருங்கள்" என்று சொன்ன பிறகுதான் கணக்கு மாறியது. காலையில் ஓர் இடம். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். மாலையில் ஓர் இடம். மூன்று வயதுப் பிள்ளையோடு அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தால் அதன் விலையைத் தாய்தான் கொடுக்கிறாள்.

காவிரிக்கரை ஆசிரியர்:
முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். மூன்று வயதில் நடந்தது பெரியவர்களான பிறகு யாருக்கு நினைவில் நிற்கிறது? மகனுக்கு எட்டு வயது ஆகட்டும், அப்போது அழைத்துப் போங்கள், கேள்வி கேட்பான். அதுவரை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி ஊர் போதும். கிணற்றடியும் கன்றுக்குட்டியும் அவனுக்கு வண்டலூரைவிடப் பெரியவை. செலவும் மிச்சம், உங்களுக்கும் ஓய்வு.

தாம்பரத்து அம்மா:
ஐயா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நினைவில் நிற்காது என்பதற்காக ஒன்றைக் கொடுக்காமல் இருக்கலாம் என்றால், மூன்று வயதுவரை தாலாட்டுகூடப் பாட வேண்டியதில்லை. அன்றைக்கு அலை காலைத் தொட்டபோது பிள்ளை சிரித்தால் அது அன்றைக்கே முழுமையானது. தவிர, ஆறு வயது மகளுக்கு நினைவில் நிற்கும். தம்பி வளரும்வரை அவள் ஏன் காத்திருக்க வேண்டும்?

எழும்பூர்வாசி:
ஐயா சொல்வதில் ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது: கேள்வி கேட்கும் வயது. அதனால்தான் எந்த இடம் என்பதைவிட எந்தப் பிள்ளைக்கு எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்வேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடிவதற்குள் எழும்பூர். விடுதிகள் பலவும் 12 மணிக்குத்தான் அறை தரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளோடு ஆறு மணி நேரம் வரவேற்பறையில் உட்கார்ந்த அனுபவம் என் தங்கைக்கு உண்டு. 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் விடுதிகள் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கின்றன. முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் பாந்தியன் சாலை அருங்காட்சியகம் ஆட்டோவில் ஐந்து நிமிடம். வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை, உங்களுக்குச் சனிக்கிழமை சிக்கலில்லை.

அங்கே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சின்னவனுக்குத் திமிங்கலத்தின் எலும்புக்கூடும் குழந்தைகள் அருங்காட்சியகத்து டைனோசரும் போதும். மகளை மட்டும் ஒருவர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்கு அழைத்துப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள். "ஏன் ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி இருக்கிறது?" என்று என் மகள் ஆறு வயதில் கேட்டாள். அன்று முழுவதும் அந்தப் பேச்சுதான்.

வண்டலூருக்குப் போகாவிட்டால் ஏதோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 1855இல் அந்தப் பூங்கா தொடங்கியதே இந்த அருங்காட்சியக வளாகத்தில்தான். பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. அதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லலாம்: "இந்த இடத்தில் ஒரு காலத்தில் புலி இருந்தது."

தேனிக்காரன்:
புலி இருந்த இடத்தைக் காட்டுவது புலியைக் காட்டுவதாகாது, நண்பரே. சென்னையில் இருப்பவர்களுக்கு அடுத்த மாதமும் போகலாம் என்ற தைரியம் இருக்கிறது. நாங்கள் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறோம். அடுத்த முறை எப்போது என்று எங்களுக்குத் தெரியாது. அதை உங்கள் இருவரின் பதிவிலும் காணவில்லை.

தாம்பரத்து அம்மாவுக்கு: உங்கள் பதிவை நேற்று இரவு என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள், பாம்புப் பண்ணையை அவள் பார்க்கவேயில்லையாம். சின்னவன் தூங்கிவிட்டதால் வெளியே திண்ணையில் மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். உடன் போன எனக்கு அது நினைவில்லை. அதை நினைத்து மிகவும் வருந்துகிறேன். ஆனால் அதற்கு விடை, பிள்ளையை நான் வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பியிருக்க வேண்டும் என்பது. பாம்புப் பண்ணைக்கே போயிருக்கக்கூடாது என்பதல்ல. வேலையைப் பகிர்ந்துகொண்டால் பட்டியலைக் குறைக்க வேண்டியதில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

தாம்பரத்து அம்மா:
மனைவியிடம் படித்துக் காட்டியதற்கு நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன தூரத்தை நான் யோசிக்கவில்லை, அது உண்மை. ஆனால் வேலையைப் பகிரலாம், வெயிலைப் பகிர முடியாது. மூன்று வயதுப் பிள்ளை பசியையும் சூட்டையும் வாயால் சொல்லமாட்டான், அழுவான். அழுத பிள்ளையை அடக்கிக்கொண்டே பார்த்த இடத்தைப் பெரியவளும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

எழும்பூர்வாசி:
ஒரு நடுவழி சொல்கிறேன். வண்டலூர் ஆசைக்குக் கிண்டி சிறுவர் பூங்கா. மானையும் பறவைகளையும் கிட்டத்தில் பார்க்கலாம், மர நிழல் உண்டு, சின்னவன் கால் வலிக்கிறது என்றால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடலாம். செவ்வாய்தான் விடுமுறை.

இன்னொன்று, மெட்ரோவை வெறும் போக்குவரத்தாக எண்ணாதீர்கள். எழும்பூரில் பரங்கிமலை ரயில் ஏறி, பிள்ளைகளை ஜன்னல் பக்கம் நிறுத்துங்கள். திருமங்கலம் வரை சுரங்கம், வெளியே ஒரே இருட்டு. அதைத் தாண்டியதும் வண்டி வெளிச்சத்துக்கு வந்து, கோயம்பேட்டில் சாலைக்கு மேலே போய் நிற்கும். என் அக்கா மகன் கைதட்டிக் கத்தினான், பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. குளிர்சாதன வசதி, மின்தூக்கி எல்லாம் இருப்பதால் மதிய வெயிலில் இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

காவிரிக்கரை ஆசிரியர்:
ஆறு வயது மகள் காத்திருக்க வேண்டியதில்லை என்ற வாதத்தை ஏற்கிறேன். அந்தப் பிள்ளையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படிப் போவதானால், மெரினாவுக்கு மாலையில் போகாதீர்கள், விடியற்காலையில் போங்கள். சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம், கூட்டமும் குறைவு. அலையில் இறங்க விடவே கூடாது. அங்கே நீரோட்டம் பொல்லாதது, பெரியவர்களையே இழுத்துவிடும். ஈர மணல் வரைதான், அதுவும் கையைப் பிடித்தபடி. காணும் பொங்கலன்று காவல்துறையினர் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுவார்கள். எந்த நாளானாலும் அதை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மொத்தத்தையும் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தேனி அண்ணனின் முதல் பதிவைப் படித்து "பார்த்தாயா?" என்றார். இரண்டாவதைப் படித்த பிறகு தாளை எடுத்து முதலைப் பண்ணையையும் தியாகராய நகரையும் அவரே அடித்தார். துணியை மதுரையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். கோளரங்கம் இருட்டில் சின்னவன் பயப்படுவான் என்று நான் அடித்தேன். வண்டலூருக்காக ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்கும் சின்ன வயதில் யாரும் காட்டவில்லை, அது இதுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் இப்போது கிண்டி, பள்ளியின் அரையாண்டு விடுமுறையில் வண்டலூருக்கு மட்டும் தனியாக ஒரு பயணம் என்று ஒப்புக்கொண்டார்.

சனி காலை அருங்காட்சியகம், மதியம் தூக்கம், மாலை மெட்ரோ. ஞாயிறு விடியலில் மெரினா, சிற்றுண்டிக்குப் பிறகு கிண்டி, மதியம் அறை, இரவு ரயில். பை அவர் பொறுப்பு, ஊட்டுவது வேளைக்கு ஒருவர் என்று எழுதியும் வைத்தாயிற்று. அருங்காட்சியகத்தில் மகளோடு நான்தான் போவேன். நானும் அந்த அர்த்தநாரீசுவரரைப் பார்த்ததில்லை.

ஒரே சந்தேகம்: ரயிலில் சின்னவனுக்குப் படுக்கை எடுக்க வேண்டுமா?

தேனிக்காரன்:
5 வயதுக்குள் படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட்டே தேவையில்லை. மகளுக்குப் படுக்கை எடுத்தால் முழுக் கட்டணம், எடுக்காவிட்டால் பாதி. ஆனால் மகளுக்கு எடுத்துவிடுங்கள், திரும்பும்போது எல்லோருக்கும் தூக்கம் வேண்டும். சின்னவனோடு கீழ்ப் படுக்கையில் உங்கள் கணவர் படுக்கட்டும். வண்டலூருக்குப் போகும்போது இங்கே எழுதுங்கள், அதே நாளில் நாங்களும் வருகிறோம்.